செவிலியர்களுக்கு உடலியக்கம் கற்பிக்கும் ஆறு வாரப் பயிற்சி: ஒரு மதிப்பீடு

மருத்துவமனைப் பணியாளர்கள் தங்கள் உடலைப் பேணிக்கொள்ள வேண்டும் என்பதற்காக இயன்முறை மருத்துவர்கள் (ஃபிசியோதெரபிஸ்டுகள்) குழு ஒன்று நடத்தும் ஆறு வார உடலியக்கப் பயிற்சியை, அதாவது நடை, உடற்பயிற்சி போன்றவற்றைக் கற்பிக்கும் பயிற்சியைப் பற்றி எழுதுகிறேன். தென்தமிழகத்தில் நான் செவிலியர் பயிற்றுநராக இருக்கும் தனியார் மருத்துவமனை, தன் ஊழியர்களுக்காக இச்சேவையைக் கட்டணம் செலுத்திப் பெற்றது. ஊழியர்களிடம் எதுவும் வாங்கவில்லை. வாரம் ஒரு வகுப்பு, வார்டுக்கே வந்து செய்துகாட்டும் சிறு அமர்வுகள், ஒரு கையேடு, தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு வினாத்தாள் ஆகியவை இச்சேவையில் அடங்கும். குழுவின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இதுபோன்ற பயிற்சியைத் தர முன்வருவோர் வேறு பலரும் இருக்கக்கூடும் என்பதால், யாரை அழைத்தாலும் எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும் என்பதே ஒரு மருத்துவமனை நிர்வாகிக்கோ செவிலியர் கண்காணிப்பாளருக்கோ பயன்படும் செய்தி.

முதல் வகுப்பிலேயே எல்லோர் மனத்திலும் இருந்த கேள்வியை மூத்த செவிலியர் ஒருவர் எழுந்து கேட்டார்: “காலையில் டூட்டிக்கு வந்ததிலிருந்து உட்காராமல் நடந்துகொண்டே இருக்கிறோம், சார். இதற்கு மேலும் நடக்கச் சொல்கிறீர்களா?” இக்கேள்வியை ஒரு பயிற்சியாளர் எப்படி எதிர்கொள்கிறார் என்பதைக் கொண்டே அவருடைய பயிற்சியின் தரத்தைக் கணித்துவிடலாம். சோம்பலைப் பற்றி உபதேசம் செய்பவராக இருந்தால் அந்த நிமிடமே வகுப்பு கைவிட்டுப் போயிருக்கும். இவர் அப்படிச் செய்யவில்லை. கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, அந்த வகுப்பு முழுவதையும் அதற்கே ஒதுக்கினார்.

அவர் லண்டன் பேருந்துகளிலிருந்து தொடங்கினார். ஜெரி மாரிஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1953ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், நாள் முழுதும் உட்கார்ந்தபடி ஓட்டும் ஓட்டுநர்களைக் காட்டிலும், இரண்டடுக்குப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்த நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாக இருந்ததைக் காட்டினார்கள். அப்படியானால் வேலையில் உடலை அசைப்பதே போதுமே என்று வகுப்பு நினைக்கும் வேளையில், 2021இல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்றை அவர் எடுத்து வைத்தார். கோபன்ஹேகனில் 1,04,046 பேரைப் பத்தாண்டு அளவில் பின்தொடர்ந்த அந்த ஆய்வில், ஓய்வு நேரத்தில் நிறைய உடலியக்கம் உடையவர்களுக்கு இதய, இரத்தக்குழாய் நோய்களின் அபாயம் குறைந்திருந்தது. வேலையிலேயே மிகுதியாக உடலை வருத்துபவர்களுக்கோ அது கூடியிருந்தது. காரணமாகச் சொல்லப்படுவது இது: ஓய்வு நேரப் பயிற்சி குறுகியது, இதயத்துடிப்பை நன்கு உயர்த்துவது, பிறகு உடலுக்கு இளைப்பாற நேரம் தருவது. வேலையின் உழைப்போ மணிக்கணக்கில் நீள்கிறது. ஒரே நிலையில் நிற்பதும் பளு தூக்குவதும் அதில் கலந்திருக்கின்றன. உழைப்பவரின் விருப்பப்படி இடைவெளி கிடைப்பதில்லை. இரத்த அழுத்தம் நெடுநேரம் உயர்ந்தபடியே இருக்கிறது.

வார்டில் நிற்பவர்களுக்கு இவ்விளக்கம் பெரிய ஆறுதலாக இருந்ததை நான் கண்டேன். களைப்பு உண்மையானது, ஆனால் அந்தக் களைப்பு இதயத்தை வலுப்படுத்தியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பதைக் குற்றஞ்சாட்டும் தொனி இல்லாமல் அவர் புரியவைத்தார். இருந்தாலும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். டென்மார்க் ஆய்வின் முடிவு, முடிந்துபோன வழக்கின் தீர்ப்பு போல முன்வைக்கப்பட்டது. கடும் உடலுழைப்பு வேலை செய்பவர்களின் வருமானம், புகைப்பழக்கம், முன்னரே இருந்த நோய் ஆகியவற்றைக் கணக்கிலிருந்து முழுவதுமாகப் பிரித்தெடுக்க முடியுமா என்ற விவாதம் ஆய்வாளர்களிடையே தொடர்கிறது. மேலும், உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், வேலை, வீட்டு வேலை, பயணம், ஓய்வு ஆகிய எல்லாவற்றிலும் நிகழும் உடலியக்கத்தைச் சேர்த்தே கணக்கிடுகிறது. படித்த செவிலியர்களிடம் பேசும்போது இந்த இழுபறியையும் சேர்த்தே சொல்லியிருக்கலாம். அவர்கள் அதைத் தாங்கக்கூடியவர்கள்.

வழிகாட்டுதலைக் கற்பித்த விதம் குறை சொல்ல முடியாதது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான இயக்கம், அல்லது 75 முதல் 150 நிமிடம் தீவிர இயக்கம், அத்துடன் வாரத்தில் குறைந்தது 2 நாட்கள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி என்பதை ஏறத்தாழ எல்லாச் செவிலியரும் எங்கோ ஒரு பாடத்தில் படித்திருப்பார்கள். மிதமான இயக்கம் என்றால் எவ்வளவு என்பதைத் தங்கள் உடம்பில் உணர்ந்தவர்கள் குறைவு. பயிற்சியாளர் அனைவரையும் தாழ்வாரத்தில் விரைந்து நடக்கச் சொல்லி, நடந்தபடியே பேசச் சொன்னார். பிறகு பாடச் சொன்னார். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்ற அந்த நிலைதான் மிதமான இயக்கம். வார்டில் கட்டிலுக்குக் கட்டில் நின்று நின்று நடக்கும் நடை இந்த அளவை எட்டுவது அரிது என்பதை யாரும் சொல்லாமலே அவர்கள் அறிந்துகொண்டார்கள்.

இன்னொரு செய்தியும் இங்கே நன்றாக விளக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் ஓர் இயக்கம் தொடர்ந்து 10 நிமிடமாவது நீடித்தால்தான் அது கணக்கில் சேரும் என்று இருந்தது. 2020இல் அந்த நிபந்தனை நீக்கப்பட்டது. மருந்து கொடுக்கும் நேரத்துக்கும் டாக்டர் ரவுண்ட்ஸுக்கும் இடையே நான்கு நிமிடம் மட்டும் கிடைக்கும் ஒருவருக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது. மூன்று மாடிப் படிகளை வேகமாக ஏறுவதும் கணக்கில் உண்டு என்று தெரிந்த பிறகு, லிஃப்டுக்காகக் காத்திருக்கும் கூட்டம் ஓரளவு குறைந்தது.

பயிற்சியின் உச்சம் என்று நான் கருதுவது மூன்றாம் வார வகுப்பு. நடைப்பயிற்சியின் நன்மைகளைப் பற்றி நாம் நோயாளிகளிடம் சொல்லும் பலவற்றுக்கு ஆதாரம் எங்கிருந்து வந்தது என்பதே அன்றைய பாடம். 1976இல் அமெரிக்காவின் 11 மாநிலங்களைச் சேர்ந்த, 30 முதல் 55 வயதுக்குட்பட்ட 1,21,700 செவிலியர்களைக் கொண்டு தொடங்கப்பட்ட ஆய்வு ஒன்று உண்டு. அச்செவிலியர்கள் தங்கள் பழக்கங்களையும் நோய்களையும் பற்றிய வினாத்தாள்களை இரண்டாண்டுக்கு ஒருமுறை நிரப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அவர்களில் 72,488 பேரின் தரவுகளைக் கொண்டு 1999இல் வெளியான கட்டுரைதான், வாரத்துக்கு 3 மணி நேரமாவது விரைந்து நடக்கும் பெண்களுக்கு மாரடைப்பு முதலிய இதயநோய் அபாயம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதைக் காட்டியது. நாளொன்றுக்கு 10,000 காலடிகள் (ஸ்டெப்ஸ்) நடந்தே தீர வேண்டும் என்ற எண்ணத்தைத் தளர்த்திய 2019ஆம் ஆண்டு ஆய்விலும் பங்கேற்றவர்கள் சுகாதாரப் பணியில் இருந்த பெண்களே. சராசரியாக 72 வயதுடைய 16,741 பேரிடம் நடத்தப்பட்ட அந்த ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பயன் தெரியவில்லை. 10,000 என்ற எண் 1960களில் ஜப்பானில் விற்கப்பட்ட காலடிகளை எண்ணும் அடிமானிக் கருவி ஒன்றின் விளம்பரத்திலிருந்து பரவியது.

இந்தப் பாடம் எங்கள் செவிலியர்களிடம் ஏற்படுத்திய மாற்றத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். உடலியக்கம் என்றால் இளைத்த உடல், விளையாட்டு உடை, ஜிம் கட்டணம் என்று நினைத்துத் தங்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று ஒதுங்கியிருந்தவர்கள், இந்த அறிவே தங்களைப் போன்ற இலட்சத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களின் வாழ்க்கையிலிருந்து திரட்டப்பட்டது என்று தெரிந்ததும் கவனித்துக் கேட்கத் தொடங்கினார்கள். மற்ற வகுப்புகளுக்குக் கட்டாயத்தின்பேரில் வந்தவர்கள்கூட அன்று நேரம் முடிந்த பிறகும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். வேறு எந்தக் குழுவை அழைத்தாலும் இந்தப் பாடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள்.

1976இல் தொடங்கிய அந்தச் செவிலியர் ஆய்வின் கசப்பான பகுதியையும் பயிற்சியாளர்கள் மறைக்கவில்லை. பகலும் இரவுமாக மாறி மாறிப் பணிசெய்யும் ஆண்டுகள் கூடக் கூட, இரண்டாம் வகை நீரிழிவின் அபாயமும் கூடுகிறது என்று 2011இல் வெளியான கட்டுரை காட்டியது. ஆனால் இரவுப் பணி செய்பவர் எப்போது உடற்பயிற்சி செய்ய வேண்டும், இரவு டூட்டி முடிந்து வீடு திரும்பிய காலையில் நடக்கலாமா, தூக்கத்தை முதலில் முடித்துக்கொள்வதா என்ற கேள்விகளுக்குப் பயிற்சியில் தெளிவான விடை கிடைக்கவில்லை. கையேட்டில் உள்ள மாதிரி அட்டவணை காலை 6 மணிக்கு எழுந்து நடப்பவருக்காக எழுதப்பட்டிருக்கிறது. மாதத்தில் பல இரவுகள் விழித்திருப்பவர் அதைப் படித்தால், இது தனக்கானதன்று என்று மூடி வைத்துவிடுவார். மருத்துவமனைக்கென்றே உருவாக்கப்பட்டதாகச் சொல்லும் பயிற்சியில் இது சிறிய குறையன்று.

வார்டில் செய்துகாட்டிய பயிற்சிகள் எளியவை, சீருடையிலேயே செய்யக்கூடியவை. குதிகாலை உயர்த்தி இறக்குதல், கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல், சுவரில் கை வைத்து உடலைத் தள்ளுதல் ஆகிய மூன்றும் அன்றாடம் தொடரக்கூடியவை. குதிகால் பயிற்சியின்போது கெண்டைக்கால் தசை சுருங்கிக் காலிலுள்ள இரத்தத்தை மேலே தள்ளுவதால், நெடுநேரம் நிற்பவர்களின் கால்வீக்கத்துக்கு அது ஏன் உதவுகிறது என்பதையும் சேர்த்தே விளக்கினார்கள். காரணம் தெரிந்தால் செவிலியர் மறக்கமாட்டார். ஆயுஷ் அமைச்சகம் 2021 செப்டம்பரில் செயலியாக வெளியிட்ட ஐந்து நிமிட யோகா இடைவேளையும், அதாவது ‘ஒய்-பிரேக்’கும், அறிமுகம் செய்யப்பட்டது. தாடாசனம், கடிசக்ராசனம் போன்ற எளிய நிலைகளும் நாடிசுத்தி, பிராமரி மூச்சுப்பயிற்சிகளும் அடங்கிய அது, உட்கார்ந்து வேலை செய்யும் பில்லிங், பதிவேடு, ஆய்வகப் பிரிவினருக்கு நன்கு பொருந்தியது. கழுத்தும் முதுகும் தளர அது போதும். ஆனால் இதயத்துடிப்பை உயர்த்தும் இயக்கத்துக்கு அது மாற்றாகாது; இந்த வேறுபாட்டைப் பயிற்சியாளர்கள் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். காலணி பற்றிய ஒரு சிறு பகுதியும் இருந்தது. விரைவாகக் கடந்துவிட்டார்கள் என்றாலும், தட்டையான செருப்பில் நாள் முழுதும் நிற்பவர்கள் பலர் அதற்குப் பிறகு குதிகால் தாங்கும் காலணிக்கு மாறினார்கள்.

தூய்மைப் பணியாளர்களையும் சக்கர நாற்காலி தள்ளுவோரையும் இப்பயிற்சியில் சேர்த்திருந்தது மிகவும் பாராட்டத்தக்கது. ஆனால் செவிலியர்களுக்குச் சொன்ன அதே சொற்களில் அவர்களுக்கும் பாடம் நடத்தியது சரியன்று. வாளியும் துடைப்பமும் நோயாளியின் எடையுமாக நாளைக் கழிக்கும் ஒருவருக்குக் கூடுதல் நடையைவிட முதலில் தேவைப்படுவது முதுகைக் காத்துக்கொண்டு தூக்கும் முறையும், இடுப்புக்கும் தொடைக்கும் வலுவூட்டும் பயிற்சியும், உட்கார ஓர் இடமும்தான். நடமாடிக்கொண்டே இருங்கள் என்ற அறிவுரை அவர்களுடைய காதில் எப்படி விழும் என்பதை யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. கையேட்டின் தமிழும் கடினமாக இருக்கிறது. படம் போட்டு விளக்கியிருந்தால் அவர்களுக்கு உதவியிருக்கும்.

வீட்டைப் பற்றியும் பேச வேண்டும். 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கீட்டின்படி, 2022இல் இந்தியாவில் வயதுவந்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள். பெண்களில் 57 விழுக்காட்டினர், ஆண்களில் 42 விழுக்காட்டினர். நம் மருத்துவமனைகளில் செவிலியர்களில் மிகப்பெரும்பாலோர் பெண்கள். பணி முடிந்து சமையல், பிள்ளைகளின் படிப்பு, மாமியாரின் மருந்து என்று அடுத்த பணிக்குள் நுழைபவரிடம் மாலையில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள் என்றால் அது கிடைக்காத நேரத்தைச் செலவிடச் சொல்வதாகிறது. பயிற்சியாளர்களில் இருவர் பெண்கள் என்பதால் இதை உணர்ந்தே பேசினார்கள். பேருந்து நிறுத்தம் ஒன்றுக்கு முன்பே இறங்கி நடப்பது, விடுமுறை நாளில் பிள்ளைகளோடு சேர்ந்து நடப்பது போன்ற யோசனைகளைப் பங்கேற்பாளர்களே சொல்லும்படி வகுப்பை நடத்தினார்கள். தமிழக அரசு 2023 நவம்பர் 4 அன்று தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தின்கீழ் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அடையாளம் காணப்பட்டிருப்பதையும் நினைவூட்டினார்கள். மாரத்தான் ஓட்டங்களில் ஓடியவராகப் பலரும் அறிந்த மா. சுப்பிரமணியன் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சராக இருந்தபோது வந்த திட்டம் அது. பொறுப்பில் இருப்பவர் தாமே ஓடுவது துறையில் இருப்பவர்களுக்கு எவ்வளவு ஊக்கம் தரும் என்பதற்கு அதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டாம்.

ஊழியர் நலத்தைத் தாண்டி, இதில் நோயாளிகளின் நலமும் அடங்கியிருக்கிறது என்பதை ஐந்தாம் வாரம் விளக்கியது. எரிகா ஃபிராங்க் முதலிய ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், நோயாளிகளுக்கு ஒரு மருத்துவர் அறிவுரை கூறும் காணொளி காட்டப்பட்டது. ஒரு பதிப்பில் அவர் தம் சொந்த உணவு, உடற்பயிற்சிப் பழக்கங்களைச் சுருக்கமாகச் சொல்கிறார். மேசையில் ஓர் ஆப்பிளும் சைக்கிள் தலைக்கவசமும் இருக்கின்றன. அந்தப் பதிப்பைப் பார்த்தவர்கள், மற்றதைப் பார்த்தவர்களைவிட, அவரைக் கூடுதலாக நம்பத்தகுந்தவராகவும் தங்களை ஊக்குவிப்பவராகவும் கருதினார்கள். பிரிட்டனில் 2018இல் தொடங்கப்பட்ட ‘மூவிங் மெடிசின்’ இணையதளம், உடலியக்கத்தைப் பற்றி நோயாளியுடன் ஒரு நிமிடத்தில் பேசுவது எப்படி, ஐந்து நிமிடத்தில் பேசுவது எப்படி என்று வகுத்திருப்பதையும் இங்கே பயன்படுத்தினார்கள். “தினமும் நடங்கள்” என்று டிஸ்சார்ஜ் தாளில் எழுதிவிட்டு முடித்துக்கொள்ளாமல், “அம்மா, வீட்டில் மாடிப்படி இருக்கிறதா? இப்போது எவ்வளவு தூரம் நடந்தால் மூச்சு வாங்குகிறது?” என்று கேட்டுத் தொடங்கும் உரையாடலை எங்கள் இளம் செவிலியர்கள் ஒருவரோடொருவர் நடித்துப் பழகினார்கள். இதை நான் என் மாணவிகளின் பாடத்திலும் சேர்த்துக்கொண்டேன்.

இனி, இந்தப் பயிற்சிக்குக் கொடுத்த பணம் வீணாகவில்லை என்று நான் சொல்வதற்கு முதன்மையான காரணத்தைச் சொல்கிறேன். நான்காம் வாரத்தில், வழக்கமான வகுப்புக்கு வெளியே, வார்டு பொறுப்பாளர்களையும் டூட்டி ரோஸ்டர் (பணிநேரப் பட்டியல்) போடுபவர்களையும் மனிதவளப் பிரிவினரையும் மட்டும் அழைத்து ஓர் அமர்வு நடத்தினார்கள். உடற்பயிற்சி எதுவும் அதில் கற்பிக்கப்படவில்லை. செவிலியர் வார்டைவிட்டுப் பத்து நிமிடம் விலகினால் அவருடைய நோயாளிகளை யார் பார்ப்பார்கள் என்ற ஒரே கேள்வியை வைத்துப் பேசினார்கள். விடை வாய்மொழியாக இருக்கக்கூடாது, பட்டியலில் இடைவேளை நேரத்துக்கு எதிரே மாற்றாளின் பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்தினார்கள். இரவுப் பணி முடிந்து போதிய ஓய்வில்லாமல் பகல் பணிக்குத் திருப்பப்படுபவர்களின் வரிசையைத் திரையில் காட்டி, இவர்களிடம் நடைப்பயிற்சியைப் பற்றிப் பேசுவது நியாயமா என்று கேட்டார்கள். அறையில் இருந்த பொறுப்பாளர்கள் முதலில் தற்காத்துப் பேசினாலும், பிறகு தாங்களே தீர்வுகளை முன்வைத்தார்கள்.

அதன் விளைவை வார்டுகளில் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. பட்டியலில் மாற்றாளின் பெயர் எழுதப்பட்ட வார்டுகளில் இடைவேளைப் பயிற்சி பயிற்சிக் காலத்துக்குப் பிறகும் தொடர்ந்தது. “முடிந்தபோது போய் வாருங்கள்” என்று சொன்ன வார்டுகளில் ஓரிரு வாரங்களில் நின்றுபோனது. இரண்டு இடத்திலும் செவிலியர்கள் கேட்ட பாடம் ஒன்றுதான். தீவிர சிகிச்சைப் பிரிவில் மட்டும் பெயர் எழுதியும் பயனில்லை, ஏனெனில் அங்கே ஆளே பற்றாக்குறை. கல்வியால் ஆர்வத்தை வளர்க்க முடியும், செய்முறையைக் கற்றுத்தர முடியும். இல்லாத ஆளை உண்டாக்க முடியாது. இதைப் பயிற்சிக் குழுவே நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுத்தது அவர்களுடைய நேர்மைக்குச் சான்று.

அளவீட்டு முறைதான் இச்சேவையின் பலவீனமான பகுதி. உலக சுகாதார நிறுவனம் வகுத்த 16 கேள்விகள் கொண்ட வினாத்தாளைத் தமிழில் தந்தார்கள். தேர்வு நல்லது, வேலை, பயணம், ஓய்வு நேரம், உட்கார்ந்திருக்கும் நேரம் என்று அது தனித்தனியாகக் கேட்கிறது. ஆனால் பயிற்சி முடிந்த நாளில் உற்சாகத்தோடு நிரப்பப்படும் தாள் எதையும் உறுதிப்படுத்தாது. இடையில் நின்றுவிட்டவர்கள் இறுதிக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. வராமல் போனவர்களில் இரவுப் பணியாளர்களே மிகுதி என்பதால், அறிக்கையில் காட்டப்பட்ட முன்னேற்றம் யாருக்கு உரியது என்பது தெளிவாகவில்லை. யார் கூடுதல் காலடிகள் நடப்பது என்று இடையே நடத்திய போட்டியையும் விட்டுவிடலாம். ஏற்கெனவே நடக்கும் பழக்கமுள்ளவர்கள் அதில் வென்றார்கள். முழங்கால் வலியோடு வகுப்புக்கு வந்தவர்கள் பட்டியலின் அடியில் தங்கள் பெயரைக் கண்டு ஒதுங்கினார்கள். உதவி மிகவும் தேவைப்பட்டவர்களை அது தள்ளி வைத்தது.

இப்பயிற்சியை வேறு மருத்துவமனைகளும் பெறலாம் என்றே பரிந்துரைக்கிறேன்; ஒப்பந்தம் செய்யும்போது சிலவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். வகுப்பு ஒவ்வொன்றும் காலைப் பணிக்கும் மாலைப் பணிக்கும் தனித்தனியே இருமுறை நடக்க வேண்டும். வகுப்பு நேரம் பணி நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும், விடுப்பு நாளில் ஊழியர்களை வரவழைக்கக்கூடாது. இரவுப் பணியாளருக்கென்று தனிக் கையேடும் தூய்மைப் பணியாளருக்கென்று தனிப் பாடமும் எழுதித்தரச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து மீண்டும் ஒருமுறை அளவிட வருவதற்கான தொகையை முதலிலேயே ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். ரோஸ்டர் போடுபவர்களுக்கான அமர்வை நான்காம் வாரத்திலிருந்து முதல் வாரத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். அந்த அமர்வில் மருத்துவமனையின் முடிவெடுக்கும் அதிகாரி உட்கார ஒப்புக்கொண்ட பிறகே முன்பணம் கொடுங்கள்.